வீட்டு கேமரா ரெக்கார்டர்: எந்த அமைப்பு எந்த வீட்டுக்கு?

கேமரா வாங்கப் போனால் கடையில் பேச்சு மெகாபிக்சலில் தொடங்கி மெகாபிக்சலிலேயே முடிந்துவிடும். இரண்டா, நான்கா, எட்டா என்று கேட்டு பில் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் கழித்து, கேட்டில் நின்ற வண்டி காணாமல் போன ராத்திரியின் பதிவைத் தேடும்போது அது இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. கேமராவிலிருந்து ரெக்கார்டர் பெட்டி வரை என்ன கம்பி ஓடுகிறது, பெட்டி எங்கே இருக்கிறது, வீட்டு ரவுட்டரோடு அது எப்படி இணைந்திருக்கிறது. இந்த மூன்றையும் வைத்தே இங்கே ஒப்பிடுவோம்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தரைத்தளமும் மாடியும் உள்ள தனி வீடு. கேட், போர்டிகோ, பின்பக்கம், மாடிப்படி என நான்கு கேமரா. ஹாலில் ஃபைபர் இணைய ரவுட்டர். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

வைஃபையும் மெமரி கார்டும்

வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது, ஒன்றிரண்டு கேமரா போதும் என்றால் இது சரி. நான்கு கேமராவுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. "வயர்லெஸ்" என்று சொன்னாலும் மின்சாரக் கம்பி எப்படியும் போயாக வேண்டும். அந்தக் கம்பி போகும் வழியிலேயே கேட்-6 (Cat6) நெட்வொர்க் கேபிளும் போயிருக்கும். வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே மூன்றைத்தான் பங்கு போடுகின்றன. நடுவில் கான்கிரீட் சுவர் இரண்டு வந்தால் படம் விட்டுவிட்டு வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கார்டு. விடாமல் எழுதி அழித்துக்கொண்டே இருப்பதால் சாதாரண மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தாலும் கைப்பேசியில் நேரலைப் படம் வந்துகொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. இந்த வகைதான் என்றால் 'ஹை எண்டூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டாக வாங்குங்கள். கேமரா ஓ.என்.வி.ஐ.எஃப் அல்லது ஆர்.டி.எஸ்.பி என்ற பொதுத் தரத்தை ஆதரிக்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்கு ஒரு ரெக்கார்டர் வாங்கினால் அதோடு சேர்க்க அதுதான் வழி. கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய கோஆக்ஸ் கம்பி ஏற்கெனவே இருந்தால்

சுவருக்குள் '3+1' கேபிள் (கேபிள் டி.வி கம்பி போன்ற கோஆக்ஸ் ஒன்று, கூடவே மூன்று மெல்லிய கம்பி) போட்டு, பி.என்.சி கனெக்டர் வைத்து, டி.வி.ஆர் எனும் அனலாக் கேமரா ரெக்கார்டரில் முடிந்திருக்கும் வீடுகள் நிறைய. கம்பி நன்றாக இருந்தால் அதைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. இன்றைய '5 இன் 1' டி.வி.ஆர்கள் ஏ.ஹெச்.டி, டி.வி.ஐ, சி.வி.ஐ, பழைய அனலாக் எனக் கோஆக்ஸில் வரும் பட வகைகள் எல்லாவற்றையும் ஏற்கும். மிச்சச் சேனலில் ஐ.பி கேமராவையும் (நெட்வொர்க்கில் தனக்கென முகவரி உள்ள கேமரா) சேர்க்க விடும். பெட்டியையும் கேமராவையும் மட்டும் மாற்றினால் 2 மெகாபிக்சல் படம் அதே கம்பியில் வரும். நூறு மீட்டரைத் தாண்டிய ஓட்டத்துக்கும் கோஆக்ஸ் தாங்கும். தோட்டத்துக் கோடி கேட்டுக்கு இது ஒரு வசதி.

நெட்வொர்க் பக்கமிருந்து பார்த்தால் இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. அனலாக் கேமராவுக்கு ஐ.பி முகவரியே கிடையாது. வீட்டு நெட்வொர்க்கில் டி.வி.ஆர் என்ற ஒரே சாதனம்தான் தெரியும், பாதுகாக்க வேண்டியதும் அது ஒன்றைத்தான்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் அணைந்தால் 12 வோல்ட் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைப் பாருங்கள். பகலில் நன்றாக வரும் கேமரா இருட்டியதும் மினுங்கினால் காரணம் வோல்டேஜ் இறக்கம்: இரவில் ஐ.ஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கரண்ட் கூடுகிறது, மெல்லிய கம்பியின் நீளத்தில் வோல்ட் குறைகிறது. கேமரா முனையில், ஐ.ஆர் எரியும்போதே, மீட்டர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். படத்தில் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கினால் கேமராவின் உடல் இரும்புத் தூணைத் தொட்டு எர்த் சுற்று உண்டாகியிருக்கிறது. நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள்.

புதிதாகக் கட்டும் வீட்டில் மட்டும் கோஆக்ஸ் போடாதீர்கள். கேட்-6 போட்டால் தேவைப்பட்டபோது பேலன் என்ற சின்ன இணைப்பானை வைத்து அதிலேயே அனலாக் படத்தையும் கொண்டுவரலாம். கோஆக்ஸிலிருந்து ஐ.பி கேமராவுக்கு மாறத் தனி மாற்றிகள் வாங்க வேண்டியிருக்கும்.

பின்னாலேயே பி.ஓ.இ போர்ட் உள்ள என்.வி.ஆர்

நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு இதுதான் எங்கள் தேர்வு. என்.வி.ஆர் என்பது ஐ.பி கேமராக்களுக்கான ரெக்கார்டர்; பி.ஓ.இ என்பது நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்புவது. பெட்டியின் பின்புறம் நான்கு அல்லது எட்டு பி.ஓ.இ போர்ட் இருக்கும். ஒரே கேட்-6 கம்பியில் மின்சாரமும் படமும் போகும். பெட்டியின் தனி 'லேன்' போர்ட் மட்டும் வீட்டு ரவுட்டருக்குப் போகும்.

இந்த அமைப்பின் சிறப்பு வெளியே தெரியாது. பி.ஓ.இ போர்ட்டில் செருகிய கேமராக்கள் ரெக்கார்டருக்குள்ளேயே இருக்கும் தனி நெட்வொர்க்கில் உட்காரும். ஹிக்விஷன் நிறுவனப் பெட்டிகளில் அது வழக்கமாக 192.168.254 என்று தொடங்கும் முகவரி வரிசை, தாஹுவாவில் 10.1.1 வரிசை. வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தாலும் வேறு எதில் இருந்தாலும் கேமராக்களுக்குக் கவலையில்லை. ரவுட்டர் செத்தாலும், இணைய நிறுவனம் ரவுட்டரையே மாற்றினாலும் பதிவு ஒரு விநாடிகூட நிற்காது. கேட் கேமராவைக் கழற்றி அதன் கம்பியில் யாராவது லேப்டாப்பைச் செருகினாலும் அவர் நிற்பது கேமராக்களின் சின்ன நெட்வொர்க்கில். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அங்கே தெரியாது.

விலையாகக் கொடுப்பது நெகிழ்வுத்தன்மை. லேப்டாப்பிலிருந்து நேராகக் கேமராவின் அமைப்புப் பக்கத்துக்குப் போக முடியாது, பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். எல்லாக் கம்பியும் பெட்டி இருக்கும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். மாடியில் மூன்று கேமரா என்றால் மூன்று கம்பி கீழே இறங்க வேண்டும்.

வாங்குமுன் டேட்டாஷீட்டில் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று மொத்த பி.ஓ.இ வாட். 802.3ஏ.எஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், கேமராவுக்கு 12.95 வாட் கிடைக்கும். ஆனால் எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் அந்த அளவைத் தரும் என்று அர்த்தமில்லை; மொத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரண புல்லட் கேமரா பகலில் இழுப்பதைவிட இரவில் ஐ.ஆரோடு கூடுதலாக இழுக்கும். மாலை ஆறரைக்குக் கேமராக்கள் ஒவ்வொன்றாக ரீபூட் ஆகத் தொடங்கினால் வரம்பு மீறுகிறது என்று பொருள். இரண்டாவது எண் 'இன்கமிங் பேண்ட்விட்த்', எல்லாக் கேமராவிலிருந்தும் சேர்த்துப் பெட்டி ஏற்கும் ஓட்டத்தின் அளவு. எட்டுச் சேனல் என்று எழுதியிருந்தாலும், எட்டு 4கே கேமராவையும் முழு பிட்ரேட்டில் ஏற்க அது போதாமல் போகலாம்.

வீட்டு நெட்வொர்க்கில் என்.வி.ஆரும் பி.ஓ.இ ஸ்விட்சும்

பி.ஓ.இ இல்லாத என்.வி.ஆர், தனியே ஒரு பி.ஓ.இ ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கம்பிகளைச் சேர்க்கும் பெட்டி), எல்லாமே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்கில். இது எங்கே வெல்லும் என்றால், கேமராக்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில். மாடியில் ஒரு ஸ்விட்ச் வைத்து மூன்று கேமராவைச் சேர்த்தால் கீழே வர ஒரே கம்பி போதும். கேமராவுக்கு 4 எம்.பி.பி.எஸ் என்றாலும் நான்குக்கு 16 தான், 100 எம்.பி.பி.எஸ் கம்பியில் அது ஒரு பாரமே இல்லை. 'கேமரா போட்டதும் நெட் ஸ்லோ ஆயிடுச்சு' என்ற புகாருக்கு இந்த உள்வீட்டு ஓட்டம் காரணமாக இருப்பது அரிது. படத்தை வெளியே மேகச் சேமிப்புக்கு அனுப்புவதும், வைஃபை கேமராக்கள் காற்றை அடைத்துக்கொள்வதும்தான் காரணமாக இருக்கும்.

தொல்லை கொடுப்பது முகவரி. ஹிக்விஷன் கேமரா 192.168.1.64 என்ற முகவரியோடும், தாஹுவா 192.168.1.108 என்ற முகவரியோடும் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. நான்கையும் ஒன்றாகச் செருகினால் நான்குக்கும் ஒரே முகவரி. ஒன்று தெரியும், மூன்று தெரியாது. ஒவ்வொன்றாகச் செருகி, முகவரியை மாற்றி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். ரவுட்டரின் டி.ஹெச்.சி.பி (தானாக முகவரி கொடுக்கும் வசதி) 2 முதல் 150 வரை கொடுக்கிறது என்றால் கேமராக்களை 201 முதல் 204 வரையும், ரெக்கார்டரை 200-லும் வையுங்கள்.

இன்னொரு பொறி: இணைய இணைப்பை மாற்றும்போது. ஜியோ ஃபைபர் ரவுட்டரின் உள்முகவரி 192.168.29.1. நிலையான முகவரியோடு 192.168.1 வரிசையில் இருந்த ரெக்கார்டர் புது ரவுட்டர் வந்ததும் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். கேமராக்களும் அதே பழைய வரிசையில் இருப்பதால் பதிவு ஓடும், கைப்பேசியில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு போகுமுன் புது ரவுட்டரின் உள்முகவரியைப் பழையபடி 192.168.1.1 என மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

இந்த அமைப்பில் கேமராக்கள் உங்கள் கம்ப்யூட்டர், டி.வி எல்லாவற்றோடும் ஒரே தெருவில் இருக்கின்றன. வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்குவது) போடத் தெரிந்தால் பிரித்துவிடுங்கள். தெரியாதவர்களுக்கு ஒரு எளிய வழி: கேமராவின் நெட்வொர்க் அமைப்பில் கேட்வே (வெளியே போகும் வழி) முகவரியைக் காலியாக விடுங்கள்; காலியாக விட ஒப்பாவிட்டால் யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியை எழுதுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் ரெக்கார்டரோடு கேமரா பேசும், இணையத்துக்குப் போக முடியாது. அப்போது நேரம் சரியாக இருக்க, கேமரா நேரத்தைக் கேட்டுப்பெறும் என்.டி.பி முகவரியாக ரெக்கார்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் கலந்தும் போடலாம். பி.ஓ.இ போர்ட் உள்ள ரெக்கார்டரின் ஒரு போர்ட்டிலிருந்து மாடிக்கு ஒரு கம்பி, அங்கே ஒரு சின்ன பி.ஓ.இ ஸ்விட்ச். அந்த ஸ்விட்சில் உள்ள கேமராக்களுக்கு முகவரியைக் கையால் கொடுத்து, காலியாக உள்ள சேனல்களில் கையாலேயே சேர்க்க வேண்டும். தானாக வராது. ஆனால் மாடிக்கும் ஒரே கம்பி, கேமராவும் தனி நெட்வொர்க்கில். இரண்டு மாடி வீட்டுக்கு நல்ல சமரசம்.

மினி பி.சி.யில் மென்பொருள் ரெக்கார்டர்

இன்டெல் என்100 சில்லு உள்ள சிறிய கம்ப்யூட்டரில் ஃப்ரிகேட் போன்ற திறமூல மென்பொருளை ஓட்டினால், ஆள், கார், நாய் என்று பிரித்தறியும் எச்சரிக்கை வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். படம் எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போகாது. ஐ.ஆர் விளக்கைச் சுற்றும் ஈசலுக்கும் சிலந்தி வலைக்கும் கைப்பேசி அலறாமல் இருப்பது பெரிய நிம்மதி. கேமரா அனுப்பும் சிறிய துணை ஓட்டத்தைக் கண்டறிதலுக்கும் தெளிவான முதன்மை ஓட்டத்தைப் பதிவுக்கும் கொடுப்பதுதான் இதன் அடிப்படை. 'ஹெச்.265 பிளஸ்' போன்ற, நிறுவனங்கள் தமக்கெனச் செய்த படச்சுருக்க முறைகளை அணைத்துவிட வேண்டும்.

பலவீனம் டிஸ்க்கில். இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு இடமிருக்காது, யு.எஸ்.பி.யில் தொங்கவிடுவார்கள். கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்க் கம்ப்யூட்டரில் ஏறாமல் (மவுண்ட் ஆகாமல்) போனால் மென்பொருள் அதே கோப்புறைப் பெயரில் உள் எஸ்.எஸ்.டி.யில் எழுதத் தொடங்கி, அதை நிரப்பி, கம்ப்யூட்டரையே நிறுத்திவிடலாம். டிஸ்க் ஏறினால் மட்டுமே சேவை தொடங்கும்படி அமைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இது அருமையான வழி. அந்த ஒருவர் வெளியூரில் இருக்கும்போது அம்மாவோ அப்பாவோ இதைச் சரிசெய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

டிஸ்க் கணக்கு

1 எம்.பி.பி.எஸ் ஓட்டம் ஒரு நாளுக்கு 10.8 ஜி.பி. இந்த ஒரு எண் போதும். 4 மெகாபிக்சல் கேமராவை ஹெச்.265-ல் 2 எம்.பி.பி.எஸ்ஸுக்கு வைத்தால் நாளுக்கு 21.6 ஜி.பி., நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. 4 டி.பி டிஸ்க்கில் சுமார் 46 நாள். அதையே ஹெச்.264-ல் 4 எம்.பி.பி.எஸ்ஸாக வைத்தால் 23 நாள். இது இடைவிடாத பதிவின் கணக்கு. அசைவுப் பதிவு மட்டும் என்றால் கூடும். ஆனால் கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் இடைவிடாத பதிவையே வைக்கச் சொல்வோம். அசைவைப் பெட்டி தவறவிட்ட அந்தப் பத்து விநாடிதான் பல நேரம் தேவைப்படுகிறது.

டிஸ்க், கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்கட்டும், டபிள்யூ.டி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. இவை வருடத்துக்கு 180 டி.பி வேலைப்பளுவுக்கு மதிப்பிடப்பட்டவை. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் வழக்கமாக 55 டி.பி. நான்கு கேமரா 4 எம்.பி.பி.எஸ்ஸில் ஓடினால் எழுத்து மட்டுமே வருடத்துக்கு 63 டி.பி. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போடுவது ஏன் தவறு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வெளியூரிலிருந்து பார்ப்பது

எந்தப் பெட்டி என்பதைவிட இந்த முடிவில்தான் ஆபத்து அதிகம். மூன்று வழி உண்டு.

ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிடுவது பழைய முறை. 80, 554, 8000, 37777 என்று திறந்துவைத்த போர்ட்டுகளை உலகெங்கும் தானியங்கி நிரல்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று டைன் என்ற இணையப் பெயர்ச் சேவை நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கப் பயன்பட்டது. நல்ல கடவுச்சொல் இருந்தாலும் போதாது: 2021-ல் ஹிக்விஷன் சாதனங்களில் வெளியான ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை, ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பித்தால்தான் மூடும். தவிர, இங்கே பல வீட்டு இணைப்புகளில் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. ரவுட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் சி.ஜி.நாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிடும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். பொது முகவரி உங்களுக்கில்லை. 'போர்ட் ஃபார்வர்ட் பண்ணியும் வரலையே' என்று இரண்டு நாள் போராடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்தின் செயலி வழியாக, கியூ.ஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்ப்பது இரண்டாவது. ரெக்கார்டரே வெளியே போய்ச் சேர்வதால் சி.ஜி.நாட் தடையில்லை. எளிது, பெரும்பாலானோருக்கு இது போதும். நிறுவனத்தின் சர்வரை நம்புகிறோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நிறுவியவரின் கைப்பேசி எண்ணில் கணக்குத் திறக்க விடாதீர்கள். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பகிரலாம். கணக்கு அவரிடம் இருந்தால் உங்கள் வீட்டை அவரும் பார்க்கலாம். நாளைக்கு அவர் எண்ணை மாற்றினால் நீங்கள் பார்க்க முடியாது.

மூன்றாவது வி.பி.என், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கிய தனி வழி. பொது முகவரி இருந்தால் வயர்கார்டு என்ற மென்பொருள். இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் போன்றது சி.ஜி.நாட்டையும் தாண்டும். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும். மினி பி.சி. வைத்திருப்பவர்களுக்கு இதுவே இயல்பான வழி.

எந்த வழியானாலும் ரவுட்டரிலும் ரெக்கார்டரிலும் யு.பி.என்.பி.யை அணையுங்கள். அது கேட்காமலே போர்ட் திறந்துவிடும்.

கம்பி, மின்சாரம், இடி

கேபிளில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சி.சி.ஏ எனப்படும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு. பி.ஓ.இ.க்கு அது ஆகாது: தடை அதிகம், சூடாகும், கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச்செம்பு கேட்-6 வாங்குங்கள், ஒரு ஓட்டம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கேமரா முனை கனெக்டரை வெறுமனே சுவரில் தொங்கவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும். கூடவே வரும் நீர்புகா உறையைப் போட்டு, ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நான்கு கேமரா, ரெக்கார்டர், டிஸ்க், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 50 வாட். 150 ஏ.ஹெச் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர் இதை மட்டும் பல மணி நேரம் தாங்கும். மாறும் நொடியில் ரெக்கார்டர் ரீபூட் ஆனால் இன்வெர்ட்டரை யு.பி.எஸ் நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் ஆனால் சின்ன யு.பி.எஸ் ஒன்றை இடையில் வையுங்கள். ஐப்பசி இடிக்கு ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர் உதவும், நல்ல எர்த் இருந்தால் மட்டும். தனியே நிற்கும் மோட்டார் ரூமுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ போகும் கம்பியை ஃபைபராகப் போட்டு இருபுறமும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பது அதைவிட நம்பகமானது. கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது.

பெட்டியை ஹாலில் டி.வி.க்குக் கீழே வைக்காதீர்கள்; திருட வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான். பரணும் வேண்டாம், சித்திரை வெயிலில் டிஸ்க் வெந்துவிடும். காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரி போதும்.

போட்டு முடித்த அன்றே செய்ய வேண்டியவை

பெட்டியை முதலில் இணையமில்லாமல் இயக்கி, அட்மின் கடவுச்சொல்லை வைத்து, அதைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். நேர மண்டலம் +5:30, என்.டி.பி இயங்கட்டும். டிஸ்க்கை அந்தப் பெட்டியிலேயே ஃபார்மட் செய்து, 'ஓவர்ரைட்' (பழைய பதிவின் மேல் புதியதை எழுதுவது) இயங்குகிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் டிஸ்க் நிறைந்த அன்றோடு பதிவு நின்றுவிடும். டிஸ்க் பிழைக்கான பஸ்ஸர் ஒலியை இயக்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, வீட்டிலுள்ளவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

மறுநாள் காலை, நேரலையைப் பார்க்காதீர்கள். முந்தைய இரவு 3 மணிப் பதிவை நான்கு கேமராவிலும் ஓட்டிப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். ஒரு ஐந்து நிமிடத் துண்டைப் பென்டிரைவில் இறக்கியும் பழகிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்தால் அதே நாளில் இறக்கியாக வேண்டும், ஓவர்ரைட் காத்திருக்காது. அந்தப் பதிவு நீதிமன்றம் வரை போனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை எனக் காட்டும் அடையாளக் குறி) குறிப்பிட வேண்டும். ஆகவே இறக்கிய கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், அப்படியே வைத்திருந்து நகலை மட்டும் பகிருங்கள்.